‘கோரோ’ என்று கையெழுத்து இருக்கிறது, வாங்கியது கோரோவா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு 47 வயது. பிறந்தது புதுச்சேரி. பாரிஸுக்கு வடக்கே வால்-துவாஸ் மாவட்டத்தில் கணவர், மகனுடன் வசிக்கிறார். 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியங்கள் மீது அவருக்குப் பல வருட ஈடுபாடு. சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு சிறு நகரத்து ஏலத்தில் முதல்முறையாக ஒன்றை வாங்கினார். குளக்கரை, வெள்ளி பூத்தாற்போன்ற வில்லோ மரங்கள், சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெண். துணியில் எண்ணெய் வண்ணம், 33 × 46 செ.மீ. சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த விலை, 2,300 யூரோ. ஏலக்கூடத்தின் 28 சதவீதக் கட்டணமும் சேர்ந்து 2,944 யூரோ ஆனது. இடது கீழ் மூலையில் ‘கோரோ’ என்று கையெழுத்து; புகழ்பெற்ற பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் கமீல் கோரோவின் பெயர் அது. பட்டியலில் இருந்த வரி (‘பள்ளி’ என்றால் இங்கே ஓவிய மரபு): “19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பள்ளி, கோரோவின் பாணியில்; இடது கீழே ‘கோரோ’ என்ற கையெழுத்தைத் தாங்கியுள்ளது.”

வாங்கி வந்த பிறகு ஆளுக்கொரு யோசனை. பழம்பொருள் கடைக்காரர் ஒருவர், “இது அசல்தான், 400 யூரோ கொடுத்தால் சான்றிதழ் எழுதித் தருகிறேன்” என்கிறார். வெட்டிய உருளைக்கிழங்கால் தேய்த்தால் அழுக்கு போகும் என்று நாத்தனார் சொல்ல, வலது கீழ் மூலையில் தேய்த்துப் பார்த்திருக்கிறார். அங்கே இரண்டு விரல் அகலத்துக்குப் பால் கொட்டியதுபோல வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. மகன் விற்றுவிடலாம் என்கிறான். கணவர் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கச் சொல்கிறார். புதுச்சேரியில் இருக்கும் அண்ணன், கடற்கரையை ஒட்டிய குடும்ப வீட்டின் கூடத்தில் மாட்ட அனுப்பச் சொல்கிறார். வாசகிக்கோ, சேமிப்பில் இருக்கும் 10,000 யூரோவைக் கொண்டு இன்னும் சில ஓவியங்கள் வாங்க ஆசை. அவர் கேட்பது: “ஓவியம் முழுக்க மெல்லிய வெடிப்பு இருக்கிறது, பழையது என்று பார்த்தாலே தெரிகிறது. கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் அசல்தானே? பொய்க் கையெழுத்து என்றால் ஏலக்காரர் எப்படி விற்க முடியும்?”

பதில்

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மூலையை இனித் தொடாதீர்கள். தண்ணீர், எச்சில், சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அந்தக் காலத்து ஓவியத் துணியில் முதலில் விலங்குப் பசை பூசி, அதன்மேல் வெள்ளை அடித்தளம் போட்டு, பிறகே வண்ணம் தீட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மரப்பிசினில் செய்த வார்னிஷ். ஈரம் வெடிப்புகள் வழியாக இறங்கிப் பசையைத் தொட்டால் பசை ஊதும், துணி சுருங்கும், வண்ணம் செதிலாக எழும்பும். உருளைக்கிழங்குச் சாறு என்பது தண்ணீரும் மாவுச்சத்தும்தான். தண்ணீர் காய்ந்தாலும் மாவு அங்கேயே தங்கி, பின்னாளில் பூஞ்சைக்குத் தீனியாகும்.

நீங்கள் சொல்லும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வார்னிஷுக்குள் ஈரம் புகுந்து அது மங்கியதால் வந்தது. பிரெஞ்சுப் பராமரிப்பாளர்கள் இதை ‘ஷான்சி’ என்பார்கள். வார்னிஷோடு நின்றிருந்தால் சரிசெய்துவிடலாம். இருட்டறையில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில், ஓவியத்தின் பரப்பையொட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். திட்டு இருக்கும் இடம் தட்டையாக இருந்தால் அவசரம் ஒன்றுமில்லை. வண்ணத்தின் விளிம்புகள் சின்ன ஓடுகள்போல எழும்பியிருந்தால் சட்டத்திலிருந்து கழற்றாமல், முகப்பு மேலே பார்க்க மட்டமாகப் படுக்க வைத்து, உடனே ஒரு பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். பாரிஸில் தேசியப் பாரம்பரியக் கல்விக்கழகத்திலோ பாரிஸ்-1 பல்கலைக்கழகத்திலோ ஓவியப் பராமரிப்பில் பட்டம் பெற்றவரா என்று கேட்டு, எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

முழு ஓவியத்தையும் சுத்தம் செய்யும் வேலையையும் இப்போது தள்ளிப் போடுங்கள். அந்தப் பழைய வார்னிஷில்தான் உங்கள் கேள்விக்கான சாட்சி இருக்கிறது. கையெழுத்து வார்னிஷுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஏலப் பட்டியல் எதற்கு உத்தரவாதம் தந்தது

ஏலக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. பிரான்சில் பட்டியல்களின் சொற்களை 1981 மார்ச் 3-ஆம் தேதி ஆணை ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஓவியத்தின் தலைப்பையடுத்து ஓவியர் பெயர் மட்டும் இருந்தால், அவர்தான் வரைந்தார் என்று விற்பவர் பொறுப்பேற்கிறார். ‘அத்ரிபுயே ஆ’ என்று இருந்தால், அவர் காலத்தில் உருவானது, அவர் வரைந்திருக்கலாம் என்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்பது மட்டுமே பொருள். ‘அத்தெலியே த’ என்றால் அவருடைய பட்டறையிலோ அவர் மேற்பார்வையிலோ உருவானது. ‘எக்கோல் த’ என்று ஓவியர் பெயரோடு வந்தால், அவரிடம் பயின்ற அல்லது அவர் தாக்கம் பெற்ற ஒருவர், அந்த ஓவியர் வாழ்ந்தபோதோ இறந்து 50 ஆண்டுகளுக்குள்ளோ வரைந்தது. பாணியில், ரசனையில், முறையில், சாயலில் என்று பொருள்படும் சொற்கள் வந்துவிட்டால், ஓவியர் யார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

கையெழுத்து விஷயத்திலும் இதே ஆணை தெளிவாக இருக்கிறது. ஓவியத்தில் ஓர் ஓவியரின் கையெழுத்து இருப்பதாகப் பட்டியலில் குறிப்பிட்டு, விற்பவர் வெளிப்படையாக எந்த மறுப்பும் சொல்லாவிட்டால், அது அவர் வரைந்ததே என்று உத்தரவாதம் ஆகிவிடும். அதனால்தான் உங்கள் பட்டியலில் முதலில் ‘கோரோவின் பாணியில்’ என்று சொல்லிவிட்டு, ‘கையெழுத்திட்டது’ என்று போடாமல் ‘கையெழுத்தைத் தாங்கியுள்ளது’ என்று போட்டார்கள். அங்கே ஒரு கையெழுத்து தெரிகிறது, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பதற்கான தொழில் வழக்கு அது. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுவதுண்டு. நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அந்த அறையில் வியாபாரிகளும் இருந்திருப்பார்கள். அசல் கோரோ என்று அவர்களில் ஒருவர் நம்பியிருந்தால்கூட சுத்தியல் 2,300-இல் விழுந்திருக்காது.

ஆனால் அந்த வரியில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. ‘19-ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டைக் குறிப்பிட்டு விற்றால், பொருள் அந்தக் காலத்தில் உண்டானது என்பதற்கு விற்பவர் பொறுப்பு. உங்கள் கையில் இருக்கும் உத்தரவாதம் இதுதான்: பெயருக்கு இல்லை, காலத்துக்கு உண்டு.

பழையது என்பதால் கோரோ ஆகிவிடாது

வெடிப்பு இருப்பதால் பழையது, பழையதால் அசல் என்ற கணக்கு கமீல் கோரோ விஷயத்தில் சுத்தமாகச் செல்லாது. அவரைப் போலச் செய்வது அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. 1796-இல் பிறந்து 1875 பிப்ரவரி 22-இல் மறைந்தவர். தன் ஓவியங்களை மாணவர்கள் நகலெடுக்கத் தாராளமாகக் கொடுத்தவர். மற்றவர்கள் வரைந்ததில் தானே தூரிகை வைத்துத் திருத்தியும் கொடுத்தவர். 1850-களுக்குப் பிறகு அவர் கைக்கொண்ட அந்த வெள்ளிப் பனிமூட்டப் பாணியை, இறகுபோன்ற மரங்களை, சிவப்புப் பொட்டாக ஒரு குல்லாயை, சந்தை விரும்பி வாங்கியது. உங்கள் ஓவியத்தில் இருப்பவை எல்லாமே அவைதான். அதுவே என்னை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. போலி செய்கிறவர்கள் எவரும் எதைக் கண்டால் எளிதில் அடையாளம் தெரியுமோ அதைத்தான் செய்வார்கள்.

நாவலாசிரியர் இளைய அலெக்சாந்தர் துமா வாங்கிய ஒரு ‘கோரோ’, உண்மையில் போல் த்ரூயெபேர் என்ற ஓவியர் வரைந்தது. அதிலிருந்த அவருடைய பெயரை அழித்துவிட்டு கோரோவின் பெயரைப் போட்டிருந்தார்கள். 1883-இல் த்ரூயெபேரே நீதிமன்றம் போய், அது தன்னுடையது என்று நிலைநாட்டினார். பிறகு ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் சேர்த்து வைத்த 2,400-க்கும் மேற்பட்ட கோரோக்கள் அவர் காலத்துக்குப் பிறகு வெளியே வந்தபோது, அவை எல்லாமே போலி என்று தெரிந்தது. அல்ஃப்ரெத் ரொபோ வாழ்நாள் உழைப்பாகத் தொகுத்து 1905-இல் வெளிவந்த கோரோ பட்டியலிலேயே சுமார் 2,500 படைப்புகள்தான் இருக்கின்றன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

த்ரூயெபேரின் கதையில் உங்களுக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. பொய்க் கையெழுத்துள்ள பல ஓவியங்கள் பொய்யாக வரையப்பட்டவை அல்ல. ஒரு நல்ல, பெயர் பெறாத ஓவியர் நேர்மையாக வரைந்ததன்மேல் பின்னால் வந்த வியாபாரி கோரோ பெயரை ஏற்றியிருப்பார். அந்த உண்மைப் பெயர் தெரியவந்தால் ஓவியத்துக்கு மதிப்பு கூடும்.

கடைக்காரரின் 400 யூரோ சான்றிதழ் வேண்டவே வேண்டாம். யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு தாள் எழுதலாம். ஏலக்கூடம் அதைப் பார்க்காது. கோரோ என்றால், 1905 பட்டியலின் பின்னிணைப்புகளைத் தொடர்ந்து கவனித்து வரும் நிபுணர்களின் கருத்து மட்டுமே சந்தையில் செல்லும். பெரிய ஏலக்கூடங்கள் மதிப்பீட்டுக்குப் பணம் வாங்குவதில்லை. நல்ல புகைப்படங்களை அவர்களுக்கு அனுப்பினால், தகுதி இருப்பதாகத் தோன்றும்போது அவர்களே உரிய நிபுணரிடம் கொண்டுபோவார்கள்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

தேவையானவை பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், கைப்பேசிக் கேமரா. மூன்றும் சேர்ந்து பெரிய செலவில்லை.

முதலில் பின்புறம். 33 × 46 என்பது பிரெஞ்சுக் கடைகள் விற்ற 8-ஆம் எண் ‘நிலக்காட்சி’ அளவு. இதே எண்ணில் உருவப்படத்துக்கு 38 × 46-உம், கடற்காட்சிக்கு 27 × 46-உம் உண்டு. துணியிலோ மரச்சட்டத்திலோ 8 என்று அச்சு இருக்கலாம். அருகில் வண்ணப்பொருள் விற்ற கடையின் பெயரும் முகவரியும் கொண்ட முத்திரை இருந்தால் அது பெரிய துப்பு. பாரிஸ் கடைகள் அடிக்கடி இடம் மாறின. 1790 முதல் 1960 வரை எந்தக் கடை எந்த ஆண்டு எந்தத் தெருவில் இருந்தது என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முத்திரையில் உள்ள முகவரிக்குக் கடை 1875-க்குப் பிறகு வந்திருந்தால் கோரோ பேச்சு அன்றோடு முடிந்தது. முன்னாலேயே வந்திருந்தால் எதுவும் நிரூபணமாகாது. அதே கடையில் நூறு பேர் துணி வாங்கியிருப்பார்கள்.

பின்னால் இன்னொரு துணி ஒட்டி வலுப்படுத்தியிருந்தால் முத்திரை அதற்கடியில் மறைந்திருக்கும். அப்போது ஓரங்களில் ஆணி அடிக்கும் மடிப்பு வெட்டப்பட்டிருக்கும். ஸ்டேப்லர் ஊசிகள் தெரிந்தால் 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஓவியமே புதியது என்று பொருளில்லை. கோரோ இறந்தபின் அவர் பட்டறையில் இருந்தவை 1875 மே, ஜூனில் பாரிஸின் ட்ரூஓ ஏலக்கூடத்தில் விற்கப்பட்டபோது ‘வாந்த் கோரோ’ (கோரோ விற்பனை) என்று முத்திரை இட்டார்கள். அப்படி ஒன்று இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் நிபுணரிடம் காட்டுங்கள், முத்திரையிலும் போலி உண்டு. எந்தச் சீட்டையும் கிழிக்காதீர்கள். பழைய காட்சியகச் சீட்டு, சாக்கட்டி எண், மெழுகு முத்திரை எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

பிறகு கையெழுத்து. உருப்பெருக்கியில், எழுத்துகளின் கோடு வெடிப்பைக் கடக்கும் இடத்தைத் தேடுங்கள். ஓவியத்தோடு ஒன்றாகக் காய்ந்த கையெழுத்து என்றால் வெடிப்பு எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருக்கும். வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கி, பள்ளத்தை நிரப்பியிருந்தால், ஓவியம் வெடித்து முடிந்த பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தை அரைமணி நேரம் நிதானமாகப் பார்ப்பது 400 யூரோ தாளைவிட அதிகம் சொல்லும்.

அடுத்து அறையை முழு இருட்டாக்கிப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுங்கள். பழைய பிசின் வார்னிஷ் பாசிபோன்ற பச்சை மஞ்சளாக ஒளிரும். பின்னாளில் பூசிய திருத்தங்கள் அதன்மேல் கரும் திட்டாகத் தெரியும். எழுத்துகள் அந்தப் பச்சைக்கு மேல் கறுப்பாக மிதந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். வலது மூலையிலும், மரத்தடி நிழல்களிலும் வேறு பெயர் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று அதே ஒளியில் தேடுங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ஆய்வகம். வானத்தின் வெள்ளையில் டைட்டானியம் இருந்தால் அது 1920-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ பூசியது. அந்த நிறமி அப்போதுதான் கடைக்கு வந்தது. திருத்திய இடமாக இல்லாமல், மூல வண்ணத்திலேயே அது இருந்தால் ‘19-ஆம் நூற்றாண்டு’ என்ற உத்தரவாதம் உடைந்துவிடும். வேறு சந்தேகம் எழாதவரை இந்தச் செலவு உங்களுக்கு அவசியமில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா

உங்கள் கணவர் எதிர்பார்ப்பதுபோல இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை பொது ஏலத்துக்குக் கிடையாது. இணையம் வழி ஏலம் கேட்டிருந்தாலும் அதே நிலைதான். பொருளின் முக்கியத் தன்மை பற்றிய தவறான நம்பிக்கையில் வாங்கினேன் என்று விற்பனையை ரத்து செய்யக் கோரலாம்; தவறு தெரிந்த நாளிலிருந்து 5 ஆண்டு, ஆனால் விற்பனையிலிருந்து 20 ஆண்டுக்கு மேல் இல்லை. ஏலக்கூடத்தின் மீது நஷ்டஈடு கேட்பதற்குச் சுத்தியல் விழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு. ஆனால் பட்டியலே சந்தேகத்தைச் சொல்லிவிட்டதால், பெயரை வைத்து நீங்கள் வெல்வது கடினம். இரண்டு சூழலில் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள்: ஓவியம் 20-ஆம் நூற்றாண்டினது என்று ஆய்வகம் சொன்னால், அல்லது ஏலத்துக்கு முன் “இது கோரோ” என்று அவர்கள் எழுதிய மின்னஞ்சல் உங்களிடம் இருந்தால். மற்றபடி 2,944 யூரோவுக்காக வழக்குப் போட்டால் நிபுணர் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும் அதை விழுங்கிவிடும். ரசீதையும் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அபூர்வமாக இது அசல் கோரோ என்றே நிரூபணமானால், விற்ற குடும்பம் வழக்குப் போட இடமுண்டு. 1968-இல் ஒரு தம்பதி ‘கராச்சி பள்ளி’ (கராச்சி என்பது ஓர் இத்தாலிய ஓவியர் குடும்பம்) என்று விற்ற ஓவியம் பின்னர் லூவர் அருங்காட்சியகத்தில், பெரும் பிரெஞ்சு ஓவியர் பூசேன் வரைந்தது என்று தொங்கியது. நீண்ட வழக்குக்குப் பிறகு 1987-இல் விற்பனை ரத்தானது. அதே 1987-இல் ஓவியர் ஃப்ராகொனாரின் ‘தாழ்ப்பாள்’ என்ற ஓவியம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்த்தது: 1933-இல் ‘அத்ரிபுயே’ என்று விற்றபோதே இரு தரப்பும் சந்தேகத்தை ஏற்றுக்கொண்டுவிட்டதால் ரத்து இல்லை. உங்கள் விற்பனை இந்த இரண்டில் எதன் பக்கம் சாயும் என்பது, விற்றவர்கள் அன்று ‘கோரோவாக இருக்கவே முடியாது’ என்று நம்பினார்களா, ‘இருக்கலாம்’ என்று விட்டார்களா என்பதைப் பொறுத்தது.

மகனுக்கு: இப்போதே விற்றால் நட்டம் நிச்சயம். அதே 2,300-க்கு ஏலம் போனாலும் விற்பவர் கழிவு போகக் கையில் வருவது குறைவு. அசல் அல்ல என்று தெரிந்தும் கோரோ என்று சொல்லி யாரிடமாவது தள்ளினால் அது மோசடிக் குற்றம். 5 ஆண்டு சிறை, 375,000 யூரோ அபராதம் வரை போகும். வரியைப் பொறுத்தவரை 5,000 யூரோ வரை கலைப்பொருள் விற்பனைக்கு வரி இல்லை. அதற்கு மேல் விற்றால் முழு விலையில் 6.5 சதவீதம்; வாங்கிய தேதிக்கும் விலைக்கும் ரசீது இருந்தால் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் 22 ஆண்டு வைத்திருந்தால் வரியே இல்லை. ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டாம்

அண்ணனின் ஆசை புரிகிறது. பிரான்சிலிருந்து வெளியே கொண்டுபோவது பெரிய தடையில்லை. 50 ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியங்களுக்குப் பிரெஞ்சு அரசின் சான்று 300,000 யூரோவிலிருந்துதான் தேவை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் உரிமம் 150,000-க்கு மேல். உங்களுடையது சாதாரண சுங்க அறிவிப்போடு போய்விடும். திரும்பி வருவதுதான் சிக்கல். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள். எந்த நாட்டில் வரைந்தது என்று அந்த வரையறை பிரித்துப் பார்ப்பதில்லை. தனியார் எவரும் தொல்பொருளை இந்தியாவுக்கு வெளியே ஏற்றுமதி செய்யக் கூடாது. ஒருமுறை உள்ளே போனால், பிறகு பாரிஸில் விற்கவோ உங்கள் மகன் எடுத்து வரவோ நினைத்தால் தொல்லியல் துறையின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

தட்பவெப்பம் அதைவிட மோசம். இந்த வகை ஓவியத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில், முக்கியமாக ஏறி இறங்காமல், இருக்க வேண்டும். கடற்கரை வீட்டில் மழைக்காலத்தில் அது 80-ஐத் தாண்டும். குளிர்சாதனத்தைப் போட்டுப் போட்டு நிறுத்தினால் ஒரே நாளில் மேலும் கீழும் ஆடும். பசை ஊதிச் சுருங்கும், ஆணிகள் துருப்பிடித்துத் துணியை அரிக்கும், பின்புறம் பூஞ்சை பிடிக்கும். ஏற்கெனவே ஒரு மூலையில் மாவு இருக்கிறது. அண்ணனுக்கு நல்ல அச்சுப் பிரதி ஒன்றைச் சட்டம் போட்டு அனுப்புங்கள்.

உங்கள் வீட்டிலும் ஹீட்டருக்கு மேலேயோ வெளிச்சுவரிலோ மாட்டாதீர்கள். உட்சுவர் நல்லது. சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். பின்புறத்தை அமிலமற்ற அட்டையால் மூடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் மதிப்புமிக்க பொருளாக ரசீதோடும் படத்தோடும் பதிவு செய்யுங்கள்.

அந்த 10,000 யூரோ

தொடர்ந்து சேகரியுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் முதல் ஆறு மாதம் ஒன்றும் வாங்காமல். வார இறுதிகளில் லூவரின் இரண்டாம் தளத்தில் 1902-இல் தோமி தியெரி என்ற சேகரிப்பாளர் விட்டுச் சென்ற தொகுப்பைப் பாருங்கள். கோரோ, தெயோதோர் ரூசோ, தியாஸ், த்ருவாயோன், தோபிஞி என்று அக்கால நிலக்காட்சி ஓவியர்கள் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஓர்சே அருங்காட்சியகத்துக்கும், ஃபோந்தென்ப்ளோ காட்டோரம் பார்பிசோன் என்ற ஊரில் இந்தத் தலைமுறை ஓவியர்கள் தங்கிய கான் விடுதிக்கும் போய் வாருங்கள். விடுதி இப்போது அருங்காட்சியகம். உங்கள் மாவட்டத்திலேயே ஓவேர்-சூர்-உவாஸ் இருக்கிறது. 1857 முதல் தோபிஞி படகையே பட்டறையாக்கி உவாஸ் ஆற்றில் மிதந்தபடி வரைந்தவர். அவர் வரைந்த கரையில் நின்றுவிட்டு, பிறகு அவர் ஓவியத்தில் அந்த நீரின் நிறத்தைப் பார்த்தால், பாணியை மட்டும் காப்பியடித்தது எது என்று கண் தானாகப் பிரிக்கத் தொடங்கும்.

இந்தத் தொகையில் பெரிய பெயர்களைத் தொடாதீர்கள். 10,000-க்குக் கிடைக்கும் ‘கோரோ’ அல்லது ‘மிலே’ ஏதோ ஒரு குறையுள்ளது. ஆனால் அதே தலைமுறையின் அடுத்த வரிசையில் உண்மையிலேயே அழகாக வரைந்தவர்கள் இருக்கிறார்கள்: தோபிஞியிடம் பயின்ற தெல்பி, தோபிஞியின் மகன் கார்ல், தியாஸின் மாணவர் லெயோன் ரிஷே, ழூல் துப்ரேயின் தம்பி விக்தோர், கோரோவின் வழியில் வந்த லாவியெய், ஷாந்த்ரேய், லியோன் நகரத்துப் பக்கத்து அப்பியான், பிறகு அந்த த்ரூயெபேர். முழுப் பட்டியல் உத்தரவாதத்தோடு இவர்களின் சிறிய ஓவியங்கள் உங்கள் எல்லைக்குள் அடிக்கடி வருகின்றன. பார்பிசோன் ஓவியங்கள் ஒரு காலத்தில் உச்சியில் இருந்தவை. மிலேயின் ‘லாஞ்செலுஸ்’ 1889 ஏலத்தில் 553,000 ஃப்ராங்குக்குப் போனது. இன்று ரசனை இம்ப்ரெஷனிஸ்டுகள் பக்கம் போய்விட்டதால், முதலீடாக எண்ணாமல் பார்த்து மகிழ வாங்குகிறவருக்கு இது நல்ல காலம்.

எனக்கு மிகவும் பிடித்ததும், உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவதும் எண்ணெய் ஆய்வுப் படங்கள். வெட்டவெளியில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காகிதத்தில் தீட்டி, பின்னர் துணியில் ஒட்டியவை. பெரும்பாலும் கையெழுத்து இருக்காது, அதனால் பொய்ப் பெயருக்கும் வேலை குறைவு. மூலைகளைப் பாருங்கள், பலகையில் குத்தி வைத்த ஊசித் துளைகள் இன்னும் இருக்கும். ஒரு மேகத்தின் வயிற்றில் மூன்றே வீச்சில் சாம்பலும் ரோஜாவும் ஈரத்தோடு கலந்திருப்பதை உருப்பெருக்கியில் பார்த்தால், வரைந்தவர் பெயர் தெரியவில்லையே என்ற வருத்தம் வராது.

வாங்கக் கூடாதவையும் உண்டு. இருண்ட பழுப்பு மரங்களில் முதலைத்தோல் போல அகன்ற பிளவுகள் இருந்தால் அது தார்ப் பழுப்பு நிறமி. ஒருபோதும் முழுதாகக் காயாது, சரிசெய்யவும் முடியாது. தியாஸிலும் ழூல் துப்ரேயிலும் இதை நிறையப் பார்க்கலாம். இஸ்திரி வைத்து இன்னொரு துணியோடு ஒட்டியபோது வண்ண மேடுகள் நசுங்கித் தட்டையாகி, நெசவின் தடம் முன்புறம் வரை தெரிகிறவற்றையும் விடுங்கள். பக்கவாட்டு டார்ச் போதும் இதைக் காண.

ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வை நேரத்துக்கு நேரில் போங்கள், நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்டர்போலின் ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியில் படம் போட்டு, களவு போனதா என்று தேடுங்கள். 1933 முதல் 1945 வரை யாரிடம் இருந்தது என்ற கேள்வியையும் கேளுங்கள். யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த ஓவியங்களில் இந்தக் காலத்து நிலக்காட்சிகளும் உண்டு.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஓர் ஓவியத்துக்கு மொத்தம் 1,500 யூரோ என்று கணவரும் நீங்களும் முடிவு செய்தால், 28 சதவீதக் கட்டணமுள்ள கூடத்தில் நீங்கள் ஏலம் கேட்கக்கூடிய கடைசித் தொகை 1,170. வார்னிஷ் மாற்ற வேண்டியிருந்தாலோ சட்டம் உடைந்திருந்தாலோ பராமரிப்பாளரின் மதிப்பீட்டை அதிலிருந்தும் கழியுங்கள். அந்த எண்ணைப் பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டு உள்ளே போங்கள்; ஏலம் அதைத் தாண்டியதும் கையை இறக்கிவிடுங்கள்.